நாலு மில்லிமீட்டர்

ஆடி பிறந்தால் ஆரல்வாய்மொழிக் கணவாயில்
காற்றுக்குக் கை முளைக்கும்.
தோவாளைச் சந்தையில் தார்ப்பாயைப் பிடுங்கும்,
பிச்சிக் கூடையைக் கவிழ்க்கும்,
என் கணக்கு நோட்டை
எனக்கு முன்னால் புரட்டிப் பார்க்கும்.
பிறகு கண்ணுக்குள் வந்து உட்காரும்.

அதிகாலை மூன்றரை.
குழல்விளக்கின் கீழே
அரளி நாற்பத்தேழு கிலோ.
ஏழு ஒன்றாகத் தெரிந்தது எனக்கு.
ஆறு கிலோ கணக்கில் இடித்த அன்று
முதலாளி உமையொருபாகம் ஒன்றும் சொல்லவில்லை.
தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

கண்ணில் மணல் கிடக்கிறது என்றேன்.
கழுவினேன்.
மணல் இல்லை.
கிடக்கிறது.

வைத்தியம் தெரியாத ஆள் சந்தையில் உண்டா?
"நந்தியாவட்டைய ஒத்தி வை பிள்ளே,
நம்ம கையிலதானே கெடக்கு" என்றாள் சரோஜபாய்.
குளிர்ந்தது, பூ வாடும் வரை.
பொன்னாங்கண்ணி தின்றேன், நாக்குக்குப் பிடித்துப்போனது.
எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், தூக்கம் வந்தது.
வடசேரி மருந்துக்கடைப் பையன் கொடுத்த சொட்டில்
சிவப்பு ஒரு வாரம் ஒளிந்திருந்து
கூட்டாளிகளோடு திரும்பி வந்தது.

ஸ்கூட்டரில் போனால் தாரை தாரையாய்க் கொட்டுது டாக்டர்,
இதைப் போய் வறட்சி என்கிறீர்களே?
நாகர்கோவிலில் அந்த அம்மாள் சிரித்தாள்.
"கொட்டுறது வேற, நிக்கிறது வேற.
காஞ்சுபோன பயத்துல கண்ணு வாரி இறைக்குத தண்ணியாக்கும் அது.
ஒட்டாம ஓடீரும்.
இமையோரத்து எண்ணெய் உறைஞ்சு கெடக்கு உங்களுக்கு.
மூடியில்லாத பானை, கேட்டியளா?"

கீழிமையில் ஒரு காகிதத் துண்டைத் தொங்கவிட்டு
கண்ணை மூடச் சொன்னாள்.
ஐந்து நிமிடம்.
நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக
ஒருத்தி என் கண்ணீரை அளக்கிறாள்.
நாலு மில்லிமீட்டர்.

கிலோவிலேயே பிழைக்கிறவளுக்கு
கேட்கவே கூச்சமாக இருந்தது.
இரண்டு பருவமழை பெய்கிற ஜில்லாவில்
நாலு மில்லிமீட்டர்.

கடைச் சொட்டைக் குப்பையில் போடச் சொன்னாள்.
கெடாமலிருக்க மருந்து கலக்காத சொட்டு, நாலு வேளை.
ராத்திரிக்குப் பசை.
காற்று நுழையாமல் பக்கம் மறைத்த கண்ணாடி.
இளஞ்சூட்டில் துணி ஒத்தடம், பத்து நிமிடம்.
"எழுதும்போ இமைக்க மறக்காதிங்க" என்றாள்.
மறக்கக்கூடிய காரியம் அது என்றே
எனக்கு அதுவரை தெரியாது.
தேறாவிட்டால், கண்ணீர் வடியும் துளையை அடைக்கலாமாம்,
குளத்துக்கு மடை அடைப்பது போல.

கார்த்திகையில் மூத்த நாத்தனார் போனாள்.
என் பேறுகாலத்துக்கு எட்டு நாள்
ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்துக் கிடந்தவள்.
பந்தலில் நெஞ்சு நெரிந்தது. கண் எரிந்தது.
வரவில்லை.
"ஒரு சொட்டு விடல பாத்தியா."
யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரை, மருந்து நேரம்.
அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று விட்டுக்கொண்டேன்.
வெளியே வந்தபோது கன்னத்தில் வழிந்திருந்தது.
அவள் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.
மாமி, மாமி என்று அழுதாள்.
மருந்து என்று நான் சொல்லவில்லை.
முந்நூற்று இருபது ரூபாய்க் குப்பி,
அன்றைக்கு அது முழுக்க அவளுக்குத்தான்.

ராத்திரி தாணு துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து,
தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து,
என் இமைமேல் போடுகிறான்.
பத்து நிமிடம் இருட்டு.
ஆச்சா என்கிறேன்.
இல்லை என்கிறான்.
ஆகிவிட்டது, எனக்குத் தெரியும்.

மாசியில் மறுபடி காகிதம். ஆறு.
அடைப்பு இப்போதைக்கு வேண்டாம் என்றாள்.
முப்பந்தலில் காற்றாலைகள் மெதுவாய்ச் சுற்றுகின்றன.
ஆடிக்கு இன்னும் நாளிருக்கிறது.
அரளி நாற்பத்தேழு.
இமைக்கிறேன்.
நாற்பத்தேழுதான்.